மறுபடியும் லைனுக்கு

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் சுவர்களில் இன்று அதிகம் கண்ணில் படுவது ‘டிரைவர் தேவை’ என்ற அறிவிப்புதான். பாடி கட்டும் பட்டறைகளும் டயர்க் கடைகளும் ஃபைனான்ஸ் அலுவலகங்களும் நெருக்கியடித்து நிற்கும் இந்த ஊர்களில் லாரிக்கு என்றுமே பஞ்சம் வந்ததில்லை. ஓட்டுவதற்குத்தான் ஆள் இல்லை என்கிறார்கள் ஓனர்கள். வண்டி நின்றாலும் தவணை நிற்காது. அவர்கள் பதற்றம் நியாயமானது.

ஆனால், ஊருக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தால் வேறொன்று தெரியும். ஹெவி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஒருவர் இன்ஜினீயரிங் காலேஜ் பஸ் ஓட்டுகிறார். ஒருவர் கோழிப்பண்ணைக்குத் தீவனம் அடிக்கிறார். இன்னொருவர் சொந்தமாக டாடா ஏஸ் வாங்கி சந்தைக்குக் காய்கறி ஏற்றுகிறார். 2005-ல் வந்த அந்தக் குட்டி வண்டி, தொலைதூரம் ஓட்டும் எத்தனையோ லைன் டிரைவர்களை ஊரோடு இருத்தி வைத்துவிட்டது. மற்றொருவர் வீட்டு முன்னறையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். ராத்திரி ஆனால் இவர்கள் எல்லோரும் வீட்டில் சாப்பிட்டு, வீட்டில் தூங்குகிறார்கள். நாக்பூர் வழியும் தெரியும், வாளையார் வழியும் தெரியும். லைனுக்கு மட்டும் போவதில்லை.

அப்படி விலகியவர்களில் சிலர் இப்போது திரும்புகிறார்கள். பழைய ஓனரிடம் போகாமல் புதிதாக ஒரு கம்பெனியில் சேருகிறார்கள். ஏன் போனார்கள், ஏன் திரும்புகிறார்கள், வந்து எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் ‘டிரைவர் பற்றாக்குறை’ என்ற பேச்சின் உள்ளே இருக்கும் சங்கதி புரியும்.

திருச்செங்கோட்டுப் பக்கத்து ஓட்டுநர் ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர். “பேரெல்லாம் வேண்டாந் தம்பி. புதுக் கம்பெனில இன்னும் மொத சம்பளமே வாங்கலீங்க” என்றார். பதினாறு வயதில் கிளீனராக ஏறியவர். 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்தபோது நாக்பூருக்கு அந்தப் பக்கம் லோடோடு நின்றார். தாபாக்கள் மூடிவிட்டன, டயர் ஒட்டுபவர்கூட இல்லை. டூல் பாக்ஸில் இருந்த அரிசியும் பம்பு ஸ்டவ்வும்தான் அந்த நாட்களைக் கடத்தின. ஊர் வந்து சேர்ந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டார். பிறகு காலேஜ் பஸ். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. உடம்புக்கு நல்லது, வருமானத்துக்குக் கஷ்டம். மகள் நர்சிங் சேர்ந்ததும் பஸ் சம்பளம் போதவில்லை. இந்த ஆடியில் மறுபடியும் லாரி ஏறினார்.

மாறிப்போன வண்டி

திரும்புகிறவருக்கு முதல் தடை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இருக்கிறது. போக்குவரத்து வாகன லைசென்ஸ் முன்பு மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி ஐந்தாக்கினார்கள். அதே திருத்தம் இன்னொரு கதவை இறுக்கியது. லைசென்ஸ் காலாவதியாகி ஐந்து ஆண்டுகள் வரை, டெஸ்ட் இல்லாமலே புதுப்பிக்கலாம் என்றிருந்தது. இப்போது ஓர் ஆண்டு தாண்டினாலே மீண்டும் ஓட்டிக் காட்ட வேண்டும். காலேஜ் பஸ்ஸுக்கும் அதே லைசென்ஸ் என்பதால் நம் ஓட்டுநர் தப்பித்தார். மளிகைக் கடை வைத்த அவருடைய கூட்டாளி, காலாவதியானதைக் கவனிக்கவே இல்லை. முப்பது வருஷம் இமயமலை அடிவாரம் வரை ஓட்டியவர், இருபது வயதுப் பையன்களோடு வரிசையில் நின்று ஓட்டிக் காட்டினார். எரிவாயு டேங்கர் ஓட்டுவதென்றால் அதற்குத் தனியாகப் பயிற்சிச் சான்று வேண்டும். எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை மட்டும் அதே 2019-ல் எடுத்துவிட்டார்கள்.

அடுத்தது வண்டி. 2020 ஏப்ரலில் இருந்து பி.எஸ்.6 என்ஜின்கள். பழைய வண்டியில் என்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறைக் கண்டுபிடித்து, ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் கம்பியும் இருந்தால் அடுத்த ஊர்வரை ஓட்டிவிடுவார்கள். புது வண்டியில் டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிகிறது, இழுவை தானாகக் குறைகிறது, வண்டி நொண்டுகிறது. புகையைச் சுத்தம் செய்ய டீசலோடு தனித் தொட்டியில் ஆட்ப்ளூ ஊற்ற வேண்டும். டிரைவர்கள் வாயில் அது ‘யூரியா’. தீர்ந்துபோனால் டீசல் டேங்க் நிறைந்திருந்தும் வண்டி போகாது. மெக்கானிக் லேப்டாப்போடு வருகிறார். கைத்தொழிலாகத் தெரிந்த ஒன்று கைவிட்டுப் போன உணர்வு பழைய ஆட்களுக்கு இருக்கிறது. அது சாதாரண வருத்தம் இல்லை. நடுக்காட்டில் தன்னால் எதையும் சரிசெய்துகொள்ள முடியும் என்ற தைரியத்தில்தான் அவர்கள் அத்தனை தூரம் போய் வந்தார்கள்.

நல்ல மாற்றமும் உண்டு, அதை மனமாரச் சொல்ல வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். மே மாதம் ஆதிலாபாத் பக்கம் பகலில் ஓட்டியவர்களிடம் இதன் அருமையைக் கேட்க வேண்டும். என்ஜின் சூடு காலடியில் ஏற, அனல் காற்று முகத்தில் அடிக்க, நனைத்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓட்டிய தலைமுறை இது. இந்த ஏ.சி. அவர்களுக்கு முப்பது வருஷம் முன்பே வந்திருக்க வேண்டும். இப்போதும் புது வண்டிக்குத்தான். பழைய வண்டியில் போகிறவருக்கு அதே ஈரத் துண்டுதான்.

பக்கத்து சீட் காலியாக இருப்பதுதான் நம் ஓட்டுநரை மிகவும் உலுக்கியது. கிளீனர் இல்லை. இவர் லாரி கற்றுக்கொண்டது எந்த டிரைவிங் ஸ்கூலிலும் இல்லை. தார்ப்பாய் கட்டி, கயிறு இழுத்து, டயருக்குக் காற்றுப் பிடித்து, ரிவர்ஸுக்குக் கை காட்டி, ஆளில்லாத ரோட்டில் விடியற்காலை டிரைவர் தூங்கப் போகும்போது ஸ்டியரிங்கை வாங்கி, அப்படியே டிரைவரானவர். இந்த வட்டாரத்தின் அத்தனை லைன் டிரைவர்களும் அந்த சீட்டில் படித்து வந்தவர்கள். செலவு மிச்சம் என்று கிளீனரை நிறுத்தினார்கள். ஒரு தலைமுறை கழித்து டிரைவர் கிடைக்கவில்லை என்கிறார்கள். பள்ளிக்கூடத்தை மூடியவர்களுக்குப் பிள்ளைகள் எங்கிருந்து வரும்?

தனியாகப் போவதில் ஆபத்தும் இருக்கிறது. தூக்கம் வந்தால் பேச்சுக் கொடுக்க ஆள் இல்லை. ராத்திரி டீசல் திருடுகிறவன் வந்தால் எழுப்ப ஆள் இல்லை. நெஞ்சு வலித்தால் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பவும் ஆள் இல்லை.

சரக்குக்குக் கடிகாரம் உண்டு

புதுக் கம்பெனியில் கையில் பணம் கொடுப்பதில்லை. முன்பெல்லாம் ஓனர் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்புவார். டீசல், டோல், வழிச்செலவு, மாமூல் எல்லாம் அதற்குள். திரும்பி வந்து டிரிப் கணக்குக் கொடுக்கும்போதுதான் சண்டையும் சமாதானமும். இப்போது டீசலுக்குக் கார்டு, டோலுக்கு ஃபாஸ்டேக். எங்கே நிற்கிறோம், எவ்வளவு வேகம், எத்தனை முறை பிரேக்கை அழுத்தினோம் என்பதெல்லாம் ஜி.பி.எஸ். வழியாக ஆபீஸ் திரைக்குப் போய்விடுகிறது. பத்து நிமிடம் ஓரம் கட்டினால் போன் வரும். இதை நம் ஓட்டுநர் பெரிதாகக் குறை சொல்லவில்லை. “கணக்குல நம்மள யாரும் சந்தேகப்பட முடியாதுங்க, அது ஒரு நிம்மதி” என்றார்.

ரோடும் முன்பைவிட எவ்வளவோ மேல். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநில எல்லைகளில் விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் போயின. அதற்கு முன் வாளையாரில் வண்டிகள் நாள்கணக்கில் வரிசையில் கிடந்ததை இந்தப் பக்கத்து டிரைவர்கள் மறக்கவில்லை. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது, டோல் வரிசையும் சுருங்கியது.

அப்படியானால் மிச்சமான நேரம் எங்கே போனது? கேட்டில் போனது. தொழிற்சாலை கேட், குடோன் கேட், துறைமுக கேட். சென்னைத் துறைமுகத்துக்குப் போக எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிடந்த வரிசைகளைச் சென்னைவாசிகளே பார்த்திருப்பார்கள். உள்ளே டோக்கன் போட்டு, எடை போட்டு, லோடுமேன் வந்து, பில் போட்டு வெளியேறுவதற்குள் ஒரு பகல் போகலாம், இரண்டு பகலும் போகலாம். கழிப்பறை இருக்காது, இருந்தால் ‘ஸ்டாஃபுக்கு மட்டும்’. நிழலும் இருக்காது. அந்த நேரத்தில் தூங்கவும் முடியாது, ஏனென்றால் வரிசை எப்போது நகரும் என்று தெரியாது. லோடு ஏறியதும் மட்டும் எல்லோருக்கும் அவசரம் வந்துவிடும். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் அன்று ராத்திரியே ஓட்டியாக வேண்டும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஏற்றிய சரக்குக்கு ஒரு கடிகாரம் உண்டு. அதோடு போகும் இ-வே பில் என்ற மின்னணுச் சீட்டு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கிட்டு காலாவதியாகும். அந்தச் சரக்கைச் சுமக்கும் வண்டிக்கும் கடிகாரம் உண்டு, அதுதான் ஜி.பி.எஸ். இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் மனிதனின் நேரத்தை அளக்க எந்தக் கருவியும் இல்லை. அவர் கேட்டில் காத்துக் கிடந்த பகல் யார் கணக்கிலும் வராது. பெரும்பாலான இடங்களில் கிலோமீட்டருக்குத்தான் காசு, அல்லது டிரிப்புக்குத்தான் காசு. சாவடிகளை எடுத்ததால் வியாபாரிக்கு லாபம், டோல் வரிசை சுருங்கியதால் அரசுக்கும் ஓனருக்கும் லாபம். கேட்டில் நிற்பதில் நஷ்டம் முக்கால்வாசி டிரைவருக்கு மட்டும். அதனால்தான் அது அப்படியே இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. தொலைதூர வழித்தடங்களில் அனுமதி பெற்று 10 மணி நேரம் வரை போகலாம். ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி ஓய்வு. இப்போது அந்தச் சட்டம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. பழைய சட்டம் குறைந்தது 5 தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்குத்தான் என்று எழுதியிருந்தது. நம் நாட்டு லாரிகளில் பெரும்பகுதி ஒன்று, இரண்டு வண்டி வைத்திருக்கும் சிறு ஓனர்களுடையது. அந்த ஓனர்களில் பலரும் முன்னாள் டிரைவர்கள், கடன் வாங்கி வண்டி எடுத்தவர்கள். அவர்களிடம் எட்டு மணி நேரம் பற்றிப் பேசினால் அழுவதா, கோபப்படுவதா என்று தெரியாமல் நிற்பார்கள். ஆகவே சட்டம் பிறந்த நாளிலிருந்தே பெரும்பாலான டிரைவர்களைத் தொடாமல் கடந்து போனது.

கம்பெனி வண்டிக்குத் திரும்புவதில் அர்த்தம் இருப்பதும் இதனால்தான். வண்டிகள் நிறைய உள்ள நிறுவனத்தில் பி.எஃப். உண்டு, சம்பளம் வரம்புக்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. முப்பது வருஷம் ஓட்டிய நம் ஓட்டுநரின் பெயரில் இதுவரை ஒரு ரூபாய் பி.எஃப். பிடித்தம் ஆனதில்லை. ஐம்பது வயதுக்கு மேல்தான் அவருக்கு முதல்முறையாக ஒரு எண் கிடைத்திருக்கிறது. அந்த எண்ணை மகள் அவர் போனில் பதிந்து கொடுத்திருக்கிறாள்.

தொப்பூர் இறக்கம்

தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயை அறியாத டிரைவர் இல்லை. இரட்டைப் பாலம் பக்கம் எத்தனையோ விபத்துகள். காரணம் கேட்டால் போலீஸும் சொல்வார்கள், டிரைவர்களும் சொல்வார்கள்: இறக்கத்தில் நியூட்ரல்.

ஏன் நியூட்ரலில் இறங்குகிறார்கள்? மைலேஜ். பாரம் ஏற்றிய பெரிய வண்டி லிட்டருக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர்தான் கொடுக்கும். கம்பெனி வைத்த அளவுக்குக் கீழே போனால் சம்பளத்தில் பிடிப்பார்கள், மேலே போனால் ஊக்கத்தொகை. அரை லிட்டர் மிச்சம் பிடிக்க கியரை விடுகிறார் டிரைவர். கியர் விட்டதும் என்ஜினின் பிடிமானமும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் போய்விடும். அத்தனை டன் பாரத்தையும் சக்கர பிரேக் ஒன்றே தாங்கும். பிரேக் சூடேறி, பிடிப்பு நழுவி, முன்னால் போகும் வண்டிகளின் மேல் லாரி போய் விழுகிறது.

நெஞ்சைப் பிசையும் உண்மை ஒன்று உண்டு. இன்றைய எலெக்ட்ரானிக் என்ஜின்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் அணையாமல் இருக்க டீசல் செலவாகும். எந்த மிச்சத்துக்காக உயிரைப் பணயம் வைக்கிறாரோ அந்த மிச்சமே இல்லை. பழைய வண்டியில் பழகி, இடைவெளி விட்டு வருபவருக்கு இதை யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். நம் ஓட்டுநருக்குப் புதுக் கம்பெனியில் கொடுத்த பயிற்சி அரை நாள். பாதி நேரம் மொபைல் ஆப்பில் போட்டோ அனுப்புவது எப்படி என்பதற்கே போனது. கியர் விஷயத்தை அவர் கற்றுக்கொண்டது சக டிரைவர் ஒருவரிடம், டீக்கடையில்.

விபத்து என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது 2024-ன் முதல் இரண்டு நாட்கள். உயிர் போகும் விபத்தை ஏற்படுத்திவிட்டுச் சொல்லாமல் போனால் பத்து ஆண்டுகள் வரை சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் எழுதியதை எதிர்த்து நாடு முழுவதும் டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். அந்த உட்பிரிவை இன்னும் நடைமுறைப்படுத்தவில்லை. நின்றால் கூட்டம் அடிக்கும், போனால் சட்டம் பிடிக்கும் என்ற பயத்தோடு ஒருவர் ராத்திரி முழுக்க ஓட்டுகிறார் என்பதைச் சட்டம் எழுதுகிறவர்கள் ஒரு ராத்திரி கேபினில் உட்கார்ந்து வந்தால் உணர்வார்கள்.

அதே ஆண்டு பிப்ரவரியில் நெடுஞ்சாலைகளில் முதல் கட்டமாக 1,000 ஓய்விடங்கள் கட்டப்போவதாகப் பிரதமர் அறிவித்தார். பெட்ரோல் பங்க்குகளில் எண்ணெய் நிறுவனங்கள் ‘அப்னா கர்’ என்ற பெயரில் படுக்கை, குளியலறை, சமைக்க இடம் என்று ஏற்பாடு செய்து வருகின்றன. நல்ல வேலை. ஆனால் ஜி.பி.எஸ். திரையைப் பார்த்துக்கொண்டு ‘ஏன் நிக்குது?’ என்று கேட்கிற ஆபீஸ் இருக்கும்வரை அந்தக் கட்டிலில் எத்தனை மணி நேரம் படுக்க முடியும்?

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. லைன் டிரைவருக்குப் பெண் கொடுக்க இன்று யாரும் முன்வருவதில்லை. இருபத்தைந்து வயதுப் பையன் லாரிக்குப் போகாததற்கு சம்பளத்தைவிட இதுதான் முதல் காரணமாக இருக்கிறது. 2014-ல் தொடங்கிய ரிவிகோ என்ற நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. வண்டி நிற்காமல் போகும், டிரைவர் மாறிக்கொண்டே இருப்பார். சில மணி நேரம் ஓட்டி, குறிப்பிட்ட இடத்தில் வண்டியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் வரும் வண்டியை எடுத்துக்கொண்டு அன்றே வீடு திரும்பலாம். தபால் குதிரைகளை வழியில் மாற்றிய காலத்து ஏற்பாடு மாதிரி. தொழில் என்ற அளவில் அது நினைத்தபடி நிலைக்கவில்லை. 2022-ல் அதன் விரைவுச் சரக்குப் பிரிவை மஹிந்திரா லாஜிஸ்டிக்ஸ் வாங்கிக்கொண்டது. ஆனால் டிரைவர் ராத்திரி வீட்டுக்குப் போகும்படி லாரியை ஓட்ட முடியும் என்று அது காட்டிவிட்டது. சேலத்துக்கும் பெங்களூருக்கும் இடையே இரண்டு பக்கமும் ராப்பகலாக லோடு ஓடுகிறது. கிருஷ்ணகிரியில் கை மாற்றினால் எத்தனை பேர் வீட்டில் தூங்கலாம்! போட்டி போடும் டிரான்ஸ்போர்ட்காரர்கள் ஒருவர் வண்டியை இன்னொருவர் டிரைவர் கையில் கொடுக்கச் சம்மதிக்க வேண்டும். கஷ்டம்தான். டீசல் விலைக்கும் வாடகைக்கும் ஒன்றுகூடுகிற சங்கங்கள் இதற்கும் கூடலாம்.

நம் ஓட்டுநர் வேலையில் சேரும் முன் கம்பெனி மேனேஜரிடம் சில விஷயங்களைக் கேட்டிருக்கிறார். இளவயதில் கேட்கத் தோன்றாதவை, கேட்டாலும் வெளியே போகச் சொல்லியிருப்பார்கள். ஒரிஜினல் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொள்வீர்களா? மாட்டோம் என்றார்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை வீடு? பன்னிரண்டு நாளுக்குள் என்றார்கள், இதுவரை சொன்னபடி நடக்கிறது. மைலேஜ் குறைந்தால் பிடிப்பீர்களா? மூன்று மாதம் பார்த்துவிட்டு என்றார்கள். லோடு ஏற்றக் காத்திருக்கும் நாளுக்குப் படி உண்டா என்று கேட்டதற்கு மட்டும் ‘பேசிக்கலாம்’ என்ற பதில் வந்தது.

அதனால் அவர் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியிருக்கிறார். கேட்டுக்குள் நுழைந்த நேரம், வெளியே வந்த நேரம், செக்யூரிட்டியிடம் ஒரு கையெழுத்து. சில செக்யூரிட்டிகள் போடுகிறார்கள், சிலர் பயப்படுகிறார்கள். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது அந்த நோட்டோடு மேனேஜரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். நல்ல பதில் வந்தால் இங்கேயே இருப்பார். இல்லாவிட்டால் சங்ககிரியில் இன்னொரு கம்பெனி இரண்டு முறை போன் பண்ணிக் கூப்பிட்டிருக்கிறது.